அந்த நாவல் எங்கே கிடைக்கும்?

குழந்தை தூங்கிவிட்டது. அவளால்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போனாள். குனிந்து, குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. கூடத்துக்கு வந்தாள். மறுபடி போய் விரலை வைத்துப் பார்த்தாள்.

பால்கனிப் பக்கம் மட்டும் போகவில்லை.

காலையில் கணவன் தினகரன் ஷிஃப்டுக்குக் கிளம்பியதும் சோபாவை இழுத்து அந்தக் கதவுக்குக் குறுக்கே போட்டிருந்தாள். ஐந்தாவது மாடி. தனியாளாக இழுத்ததில் தையல் போட்ட இடம் விண்விண்ணென்று வலித்தது.

கைபேசி ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. வாசகர் குழுவில் அவரவர் இப்போது படிக்கும் புத்தகத்தைப் பற்றி எழுதும் நாள். எல்லோரும் முகம் பார்த்திராத மனிதர்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளும் அதில் இருக்கிறாள். பிரசவம் வரைக்கும் ஒரு ஞாயிறுகூட எழுதாமல் இருந்ததில்லை.

ஒருவர் எறும்புகளைப் பற்றிய புத்தகத்தில் மூழ்கிக் கிடந்தார். ராணி எறும்பு வரும் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டிருந்தார். இன்னொருவர் ஏதோ துப்பறியும் நாவலைப் பாதியில் தூக்கிப் போட்டுவிட்டாராம். யாரும் ஏமாற வேண்டாம் என்றிருந்தார்.

குழுவை நடத்தும் செந்தூர்பாண்டி அவளைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தார்.

"சுபாஷினி, ரொம்ப நாளா ஆளையே காணோமே. என்ன படிச்சிட்டு இருக்கீங்க?"

ஒன்றுமில்லை என்று தட்டினாள்.

அழித்தாள்.

நடந்துகொண்டே எழுத ஆரம்பித்தாள்.

"ஒரு நாவல். ஒரு பொண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கு. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. அவளுக்கு மட்டும் என்னவோ ஆயிடுது. தூக்கம் போயிடுது. அம்மாகிட்ட சொல்றா. நாங்கல்லாம் பெத்துக்கலையான்னு அம்மா போனை வச்சிடறாங்க. புருஷன் நல்லவன்தான். அவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவளுக்குத் தெரியல."

அனுப்பிவிட்டாள்.

உடனே பதில்கள் வந்தன.

அருமையான களம். யார் எழுதினது? மொழிபெயர்ப்பா?

அவள் இன்னும் எழுதினாள். விரல்கள் அவளைக் கேட்காமலே ஓடின.

"ஒரு நாள் குழந்தையைத் தூக்கிட்டுப் பால்கனியில நிக்கறா. அப்ப அவளுக்கு ஒரு நினைப்பு வருது. பயந்துபோய் உள்ளே ஓடி வந்துடறா. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போறதில்ல. கதவுக்குக் குறுக்க சோபாவை இழுத்துப் போட்டுடறா."

அதையும் அனுப்பினாள்.

பிறகு குழு சூடு பிடித்தது. அந்தச் சோபா அற்புதமான குறியீடு என்றார் செந்தூர்பாண்டி. பெற்ற தாய்க்கு இப்படி ஒரு நினைப்பு வரவே வராது, எழுதியவர் ஆணாகத்தான் இருப்பார் என்றார் ஒரு வழக்கறிஞர். இருவரும் மோதிக்கொண்டார்கள். நடுவில் எறும்புக்காரர், நூலகத்தில் கிடைக்குமா என்று கேட்டார்.

அவள் ஜன்னலோரம் போனாள். திரும்பினாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று விரலை வைத்தபோது, புதிதாக ஒரு வரி வந்தது.

"அந்தப் பொண்ணு எந்த ஊரு?"

மெஹருன்னிசா. சூளகிரியில் மருந்துக்கடை வைத்திருப்பவர். குழுவில் அதிகம் பேசமாட்டார். படித்தேன், நன்றாக இருக்கிறது என்பதோடு சரி.

அவள் அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓசூர்."

குழுவில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. சோபா பற்றிய சண்டை ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த செய்தி குழுவில் வரவில்லை. அவளுக்குத் தனியாக வந்தது.

"எந்தத் தெரு? கதவு நம்பர் என்ன?"

எழுதினாள். எழுதி முடித்த நிமிஷமே அழைப்பு வந்தது. எடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் விரல் எடுத்துவிட்டது.

"நான் மெஹருன்னிசா பேசறேம்மா. வீட்டுக்காரர் காரை எடுக்கறாரு. சூளகிரியிலேர்ந்து அரைமணிதான், இதோ வந்துடுவோம். அதுவரைக்கும் போனை வைக்காதே. பேசணும்னு இல்ல. சும்மா காதுல வச்சிக்கிட்டு இரு."

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"புள்ள தூங்குதா?"

"தூங்கறா."

"தூங்கட்டும். நீ பயப்படாதே. இது நெறைய பேருக்கு வரும். டாக்டர் இருக்காங்க, மருந்து இருக்கு. என் கடைக்கே வந்து வாங்கிட்டுப் போறாங்க. நீ ஒண்ணும் தப்பு செய்யல, கேக்குதா?"

"ம்."

முன்கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். கைபேசியில் ஒரு வண்டி ஓடும் இரைச்சல். அதன் நடுவே குழுவின் செய்திகள் டிங் டிங்கென்று விழுந்துகொண்டிருந்தன. முடிவைச் சொல்லிவிடாதீர்கள், நான் வாங்கப் போகிறேன் என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

"சுபா, இருக்கியா?"

"இருக்கேன்."

"நீ சாப்பிட்டியா?"

அவள் யோசிக்க வேண்டியிருந்தது. இத்தனை நாளும் பால் வருகிறதா என்றுதான் எல்லோரும் அவளைக் கேட்டார்கள்.

"இல்ல."

"சரி, வர்ற வழியில வாங்கிட்டு வரேன். உனக்கு என்ன பிடிக்கும்?"

அழுகை வந்துவிடும் என்று நினைத்தாள். வரவில்லை.

பசித்தது.