கேமராவில் ஏழு குற்றங்கள்

எந்தக் குற்றச்சாட்டு மகளை வழிக்குக் கொண்டுவந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் தேவபிரசாதம் ஜெரால்டின் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார்.

மொத்தம் ஏழு. நான்கு தாளில், எண் போட்டு, அடிக்கோடிட்டு எழுதியவை.

இரண்டு வருடத்துக்கு முன் வீட்டை மீறி எட்டயபுரத்து ராஜபாண்டியைக் கட்டிக்கொண்ட ஷெர்லின், அப்பாவின் கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். பதினொன்று திரும்பி வந்த பிறகுதான் வீடியோ யோசனை.

கேமரா தந்த ஜெரால்டு சொன்னதையெல்லாம் அவர் வரிசையாகக் குறித்துக்கொண்டார். கண் மட்டத்தில் கேமரா. வெயில் முகத்தில் விழ வேண்டும், முதுகில் அல்ல. கடல்காற்று மைக்கில் அடிக்காதபடி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மறைவு. சிவப்புப் பொத்தானில் ஒரே ஒரு அமுக்கு.

எடுத்துக் கொண்டுவந்ததை, குடும்ப விஷயம் என்பதால் ஜெரால்டு பார்க்காமலே அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

இன்று காலை போன் வந்துவிட்டது. "ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வாரோம்ப்பா."

ஆறாவதுதான் அசைத்திருக்கும் என்பது அவர் கணிப்பு. ஆறாவதில் இரண்டு உவமை வைத்திருந்தார்.

ஜெரால்டு கம்ப்யூட்டரில் ஓட விட்டான்.

திரையில் தேவபிரசாதம் தலை சீவினார். எச்சில் தொட்டுப் புருவத்தை ஒதுக்கினார். மூக்கைச் சிந்தினார்.

"இது எடுக்கதுக்கு முந்திடே. அப்ப சிவப்பு லைட்டுல்லா எரிஞ்சிது."

"சிவப்பு எரிஞ்சாத்தான் அண்ணாச்சி ஓடும்."

துறைமுக ரயில் பாதையில் முப்பத்துநாலு வருடம் சிக்னல் பார்த்தவர். சிவப்பென்றால் நின்றுகிடக்கிறது என்று அர்த்தம். அதனால் நிதானமாகத் தலை சீவியிருக்கிறார். மறுபடி அமுக்கி, சிவப்பு அணைந்ததும், வண்டி கிளம்பிவிட்டதென்று இருபது நிமிடம் கணீரென்று வாசித்திருக்கிறார்.

தண்ணீர்த் தொட்டிக்கு.

திரையில், துணி காயப்போட வந்த மனைவி பிளாரன்சின் குரல் கேட்டது. "ஏழு குத்தமும் பிள்ள மேலதானா? பெத்த பிள்ள கல்யாணத்துக்குப் போவாதது யாரு?"

திரைக்குள் இருந்தவர் சீப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போனேன்ளா. ஆஸ்பத்திரிக்குன்னு ஒங்கிட்ட சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். மண்டபத்து வாசல்ல செருப்பக் கூடக் கழட்டிட்டேன். பிள்ள மேடைல சிரிச்சிக்கிட்டு இருந்தா. என்னயப் பாத்தா அழுதுருவாளேன்னு திரும்பிட்டேன்."

ஈரத்துணியை உதறும் சத்தம் நின்றுவிட்டது.

"சரி, அங்கிட்டுத் தள்ளு. இனிமதான் எடுக்கணும்."

அவருடைய சுட்டுவிரல் பெரிதாகி நெருங்கி வந்தது. திரை கறுத்தது.

ஜெரால்டு மெதுவாகக் கேட்டான், "மிச்சம் எங்க அண்ணாச்சி?"

தேவபிரசாதம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இவ்வளவுதாம்டே எடுத்தேன்."