நடுங்கும் சுவர்

"என் போனைக் குடுங்க சார்."

ஷோ நடக்கும்போது இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே மேனேஜர் நகுல் சொல்லியிருந்தான். எஃகுத் தகடுகள் பதித்த அந்தக் கண்காட்சிச் சுவர், எதிரே நிற்பவரின் பயத்துக்கு ஏற்ப அலையடிக்கும். டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்கு அவ்வளவு பயம் ஏது? அதற்காகத்தான் அவர்கள் நடுவே சம்பளத்துக்கு நின்றாள், வீட்டின் முதல் பட்டதாரி பொன்னரசி.

இன்று காலை அவள் அம்மாவுக்கு இதய ஆபரேஷன். சுவர் கொந்தளித்தது, கூட்டம் கைதட்டியது.

"என்னைக்குமே இப்படி ஆடினதில்ல. அஞ்சு நிமிஷம் பொறும்மா" என்றான் நகுல்.

"எங்கம்மா பொழைச்சாங்களான்னு தெரியணும்."

"பொழைச்சாச்சும்மா! மத்தியானமே உங்கண்ணன் போன் பண்ணிட்டாரு. சொன்னா தகடு நின்னுடுமேன்னுதான்..."

சுவர் நின்றேவிட்டது.

"கெட்டுப்போச்சா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

பொன்னரசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் ஒரு தகடுகூட அசையவில்லை. கோபம் அந்தச் சுவருக்குத் தெரியாது.

நகுலின் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏய், முதலாளி பாத்துட்டிருக்காரு!"

"அப்ப நீயே நின்னு பயப்படுடா."

அவள் வாசலைத் தாண்டும்போது பின்னால் தகடுகள் மறுபடி சலசலக்கத் தொடங்கின.