வராந்தாவில் வண்டு

பூச்சி மருந்தும் பெயின்ட் டப்பாவுமாக நாஷ்வில்லிலிருந்து வந்திறங்கிய வேட், வராந்தா உத்தரத்தை அண்ணாந்து பார்த்தான். கருவண்டுகள் அதைச் சல்லடையாகத் துளைத்திருந்தன.

"ஏம்மா, போன வாரம் போன்லயே மருந்தடிக்கச் சொன்னேனே?"

"மருந்தெல்லாம் வேண்டாம்டா," என்றாள் அம்மா நாடீன்.

"கூரை தலையில விழணுமா?"

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

முற்றத்தில் அப்பா டெல்பர்ட், பறக்கும் வண்டுகளைப் பார்த்து டென்னிஸ் மட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். "வாடா, கிட்ட வா! இன்னைக்கு உன்னை விடமாட்டேன்!"

"அவர்தான் வண்டோட விளையாடுறாருன்னா, நீயுமாம்மா?"

நாடீன் மகன் கையிலிருந்த மருந்து டப்பாவை வாங்கிக் கீழே வைத்தாள்.

"மட்டை எந்தக் கையில இருக்குன்னு பாரு."

வலது கை. பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு ஸ்பூனைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்த கை, இப்போது தலைக்கு மேல் உயர்ந்து சுழன்றது.

"டாக்டர் சொன்ன பயிற்சி ஒண்ணைக்கூடச் செய்யாத மனுஷன்டா. வண்டு மேல இருக்கிற கோபத்துல தன்னை மறந்து தூக்குறாரு. உத்தரம் போனா வேற போட்டுக்கலாம்."

வேட் கண்ணைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான்.

"அப்பா, உங்க தலைக்கு மேல ஒண்ணு! இன்னும் உயரமா வீசுங்க!"