இடது பக்கம் யார்?

பையன் மறுபடியும் இடது பக்கம் பார்த்தான்.

வென்டல் ஓல்சன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். ஒரு தடவை என்றால் தற்செயல். இவனோ கேள்விக்குக் கேள்வி கண்ணை அந்தப் பக்கமே ஓட்டுகிறான்.

திரையில் இருந்தவன் பெயர் தவோங்கா. மலாவி நாட்டில், முசூசு ஊர்ப் பள்ளியில் படிப்பவன். அவன் கேட்பது, மினசோட்டாவின் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் வென்டலின் சின்னக் கல்லூரியில் ஓர் இடம். படிப்பு, சாப்பாடு, விடுதி, விமான டிக்கெட், எல்லாமே கல்லூரி பார்த்துக்கொள்ளும். அவன் நாட்டுக்கு இந்த வருடம் அப்படி ஒரே ஓர் இடம்தான்.

போட்டி போடுபவர்களை ஒவ்வொருவராகத் திரையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பது வென்டலின் வேலை. தேர்ந்தெடுப்பதும் தள்ளுவதும் அவரேதான். ஒரே ஒரு கண்டிப்பு: அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது.

காரணம் இல்லாமல் இல்லை. போன வருடம் திரையில் வாய் கிழியப் பேசியவன் ஒருவன். பெட்டியோடு விமானத்தை விட்டு இறங்கியவன் வேறொருவன்.

"ஆளையே மாத்தி அனுப்பியிருக்காங்க. நீங்க கை குலுக்கி, குளிருக்கு ஜாக்கெட்டும் வாங்கிக் கொடுத்துட்டு வந்திருக்கீங்க" என்று பக்கத்து மேஜை மார்சி இன்றுவரை ஓட்டுகிறாள்.

அன்றிலிருந்து வென்டல் பதிலை அதிகம் கேட்பதில்லை. கண்ணைத்தான் பார்க்கிறார்.

"வேதியியல் படிக்க வர்றே. இங்க வந்தா கவிதை வகுப்புலயும் உட்காரணும், அது எங்க வழக்கம். உனக்கு எதுக்குப்பா அது?"

தவோங்கா வாயைத் திறந்தான். படம் உறைந்தது.

இதுவும் மறுபடிதான். வீட்டில் யார் யார், பிடித்த சாப்பாடு என்ன என்று கேட்டபோதெல்லாம் ஓடிய படம், கேள்வி கொஞ்சம் இறுகினால் நின்றுவிடுகிறது.

வென்டல் தன் பக்கத்து மைக்கை அணைத்தார். மார்சி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"என்ன இன்ஸ்பெக்டர், மாட்டிக்கிட்டானா?"

"இரு. படம் திரும்பட்டும். பதில் எப்படி வருதுன்னு பாரு."

படம் திரும்பியது. பதிலும் வந்தது.

"எங்க ஊர்க் கிணத்துத் தண்ணிய சோதிக்க ஆளுங்க வந்தாங்க சார். கெட்ட தண்ணி, குடிக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. ஒருத்தரும் நிறுத்தலை. அவங்க வேதியியல்ல தப்பே இல்லை. ஜனங்க காதுல ஏறுற மாதிரி சொல்லத் தெரியலை. எனக்கு ரெண்டும் தெரியணும்."

மார்சி புருவத்தை உயர்த்தினாள். "நல்லாத்தானே இருக்கு?"

"அதான் சந்தேகமே."

இந்த வயதில், யோசிக்க நேரமில்லாமல், இப்படி ஒரு பதிலா? யாரோ செதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். படம் நின்ற அந்த இடைவெளியில்தான் கைமாறியிருக்க வேண்டும்.

அப்போதுதான் அதைக் கவனித்தார்.

பையனுக்குப் பின்னால் சுவரில் சாயங்கால வெயில் சதுரமாக விழுந்திருந்தது. அந்தச் சதுரத்துக்குள் ஒரு நிழல். ஒல்லியாக, நீளமாக, ஒரு கை.

கூடவே ஒரு கிசுகிசுப்பு. பெண் குரல்.

பையன் தலையை ஆட்டினான். ஆட்டியது தெரியக் கூடாது என்பது போல ஆட்டினான்.

வென்டல் மைக்கை உயிர்ப்பித்தார். "தவோங்கா, ரூம்ல வேற யாராவது இருக்காங்களா?"

"இல்லை சார்."

பதில் சீக்கிரமாக வந்தது. ரொம்பச் சீக்கிரமாக.

"லேப்டாப்பை இடது பக்கம் திருப்பு."

பையன் லேப்டாப்பின் மேல் கையை வைத்தான், திருப்பவில்லை. "சார், அது..."

"திருப்பு."

படம் ஆடியது. சுவர், கரும்பலகை, கம்பி போட்ட ஜன்னல்.

ஜன்னலுக்கு வெளியே, கவிழ்த்துப் போட்ட வாளி ஒன்றின் மேல், பள்ளிச் சீருடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். தலைக்கு மேலே உயர்த்திய கையில் ஒரு போன். மற்றக் கையால் அந்த முழங்கையைத் தாங்கியிருந்தாள்.

"ரூம்ல இல்லை சார், வெளியதான் நிக்கிறா" என்றான் தவோங்கா. "இந்த ஜன்னல்ல, அந்த உயரத்துல பிடிச்சாதான் நெட் வருது. போன் இவளோடது. கை மாத்துறப்பதான் அறுந்துடுது. யாரும் கூட இருக்கக் கூடாதுன்னு போட்டிருந்தீங்க, அதான் பயந்துட்டேன்."

"கிசுகிசுன்னு என்னமோ சொன்னாளே?"

"கை கழண்டு விழுந்துடும் போலிருக்கு, சீக்கிரம் பேசித் தொலைன்னா."

மார்சி வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தப் பெண் கம்பிகளுக்கு இடையே முகத்தை வைத்துக் குனிந்தாள். அவளும் சிரித்தாள்.

"வணக்கம் மிஸ்டர் ஓல்சன். அங்க பனி விட்டுதா? நேத்து நான் உங்ககிட்ட பேசினப்போ இவன்தான் போனைப் பிடிச்சான். எங்க நின்னுக்கிட்டே தூங்கிடுவானோன்னு நானும் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"யாரு வென்டல் இது?" என்றாள் மார்சி. "உங்களைத் தெரிஞ்ச மாதிரி பேசுறா?"

வென்டல் நேற்றைய பட்டியலைத் திறந்தார்.

எலூபி. அதே ஒரே இடத்துக்கு நேற்று அவரிடம் பேசியவள். பக்கத்தில் யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அவள் பெயரை அவர் நேற்றே அடித்துவிட்டார்.

இடம் இல்லை என்ற பதிலை இன்று காலை மின்னஞ்சலில் அனுப்பியும் விட்டார்.

அவள் இன்னும் பார்க்கவில்லை. அது இப்போது அவள் தலைக்கு மேலே, அந்தப் போனுக்குள் இருந்தது.