உள்ளே ஏதோ சத்தம்

"காலிப் பெட்டியைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கா உன் பொண்ணு!"

தர்மராஜ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே மனைவியிடம்தான் சொன்னார். ரோகினி கிட்டாரும் கையுமாக வாசலிலேயே நின்றாள்.

"பெட்டி இல்லப்பா, ஜாஸ் கிட்டார். ஹாலோ பாடி. உள்ளே காலியா இருந்தாத்தான் சத்தம் நல்லா கனமா வரும்."

"உள்ளே காலியா இருந்தா சத்தம் பெருசா வரும்னு எனக்கும் தெரியும்னு சொல்லு புஷ்பா. எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் கேக்குறேன்ல!"

ரோகினிக்கு நீலாயில் கம்பெனி ஆபீஸ் வேலை. அதை விட்டுவிட்டு போர்ட்டிக்சன் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் ஜாஸ் குழுவோடு வாசிக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து அப்பா நேராகப் பேசுவதில்லை. எல்லாம் அம்மா வழியாகத்தான். அந்த இடமும் இன்னும் உறுதியாகவில்லை. சனிக்கிழமை போய் வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்தால் எடுத்துக்கொள்வார்கள்.

அதற்காகத்தான் தெமியாங்கில் சுகுமாறனின் இசைக்கருவிக் கடைக்கு அப்படி அலைந்தாள். சிவப்பு, கறுப்பு, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு என்று எல்லாவற்றையும் மடியில் வைத்துப் பார்த்தாள். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் மூலையில் கிடந்த தேன் நிறக் கிட்டாரை எடுத்து, வயர்கூட மாட்டாமல் ஒருமுறை மீட்டினாள். சத்தம் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் அடிவயிறு வரை அதிர்ந்தது.

"இதுதான் அங்கிள்."

"விலையே கேக்கலியேம்மா?"

"கேட்டா பயந்துடுவேன்லா. முதல்ல பில் போடுங்க."

அன்று சாயங்காலம் எஸ்டேட் குடியிருப்பில், தோட்டத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஆசை தீர வாசித்தாள். கிட்டாரின் முகத்தில் வயலினுக்கு இருப்பதுபோல இரண்டு நீள ஓட்டைகள். அதில் காதை வைத்துக் கேட்டுத் தனக்குத் தானே சிரித்தாள். பக்கத்து வீட்டில் சீரியல் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள். ஒரு கலைஞருக்கு இதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்?

அம்மா புஷ்பவள்ளிக்கு வேறு கவலை.

"புது மோட்டார் சைக்கிள் எடுத்தாலே எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்குறோம். இதையும் கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரு பூசை போட்டுட்டு வந்துருவோமேங்க."

கேட்ட இடம் தப்பு. தர்மராஜ் தோட்டத்துப் பகுத்தறிவு மன்றத்தின் தலைவர். மன்றத்தில் மிச்சமிருக்கும் உறுப்பினரும் அவர்தான்.

"பூசை போட்டா கிட்டார் தானா வாசிச்சிடுமா? பூசாரி தட்டுதான் நிறையும். என் வீட்டு விஷயம் எதுவும் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

பூசை இல்லாததில் ரோகினிக்கு வருத்தமில்லை. ஆனால் சனிக்கிழமை காலை அவள் கிளம்பும்போது அப்பா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். 'போய்ட்டு வா' என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? காடியின் ஸ்டீரிங்கைப் பிடித்து ஓட்டும்போது கண் கலங்கிக்கொண்டே இருந்தது.

ஹோட்டலில் குழுத் தலைவர் புனிதன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தலை ஆடியது. ரோகினிக்கு நம்பிக்கை வந்து, உடம்பை அசைத்து ரசித்து வாசிக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் கிட்டாருக்குள் 'கிணுக்' என்றது. அடுத்து 'கிணுக் கிணுக்'. டிரம் வாசிப்பவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

புனிதன் கண்ணைத் திறந்தார். "உங்க கை பிரமாதம். ஆனா உள்ளே என்னமோ ஆடுது. சரி பண்ணிட்டு அடுத்த சனி வாங்க. அதுக்குள்ள வேற ஆள் கிடைச்சா என்னைக் குறை சொல்லாதீங்க."

காடி நேராகத் தெமியாங் கடை வாசலில்தான் நின்றது.

"உடைஞ்ச சாமானை என் தலையில கட்டிட்டீங்களே அங்கிள்!"

சுகுமாறன் கிட்டாரைக் கவிழ்த்துக் குலுக்கினார். நீள ஓட்டை வழியாக மஞ்சள் துணி முடிச்சு ஒன்று விழுந்தது. உள்ளே சில்லறை. ஒரு காரியம் கைகூட வேண்டும் என்று சாமிக்கு வேண்டிக்கொண்டு காசு முடிந்து வைப்பார்களே, அதேதான்.

"இது என் கடைச் சரக்கு இல்லம்மா" என்றார் சுகுமாறன்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் முடிச்சை மேசைமேல் வைத்தாள் ரோகினி.

"ஏம்மா, காசு முடிஞ்சு வைக்க உனக்கு வேற இடமே கிடைக்கலியா? என் கிட்டாருக்குள்ளேயா போடுவே? அத்தனை பேர் முன்னாடி மானம் போச்சு!"

"ஆத்தா மேல சத்தியமா நான் போடலடி!"

தர்மராஜ் பேப்பரை மடித்தார். பகுத்தறிவு மன்றத்துக்கு இதைவிட நல்ல மேடை எங்கே கிடைக்கும்?

"பாத்தியா புஷ்பா? தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? மூடநம்பிக்கை ஒரு பொண்ணு பொழப்பையே கெடுத்துருச்சு."

சொன்னாரே தவிர, குரலில் வழக்கமான கம்பீரம் இல்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு மகளை நேராகப் பார்த்தார்.

"மறுபடி... கூப்பிட்டிருக்காங்களா?"

"அடுத்த சனி."

செய்யாத குற்றத்துக்கு இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கிய புஷ்பவள்ளிக்கு ஆத்திரம் பொங்கியது. வெடுக்கென்று முடிச்சைக் கையில் எடுத்தாள்.

"யாரு முடிஞ்ச காசோ, எனக்கு வேணாம்பா இந்த வம்பு. இப்பவே அவுத்து ஆத்தா உண்டியல்ல போட்டுட்டு வந்துடறேன்."

நகம் முடிச்சில் பட்டதுதான் தாமதம், தர்மராஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து வந்தார்.

"அவுக்காத புஷ்பா! அவளுக்கு அந்த வேலை கிடைச்ச பிறகுதான் உண்டியல்ல போடறதா வேண்டியிருக்கேன்!"