கருவியைப் பிடுங்கும் நாள்

செம்பட்டிக்கு மேற்கே சூசைராஜின் வெங்காயக் காட்டில் மரியசெல்வி மண்டியிட்டு, மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவியைப் பிடுங்குகிறாள். உச்சிவெயில் அதன் உலோகத் தண்டில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்கிறது. ஆறு வருடங்களாக இது அனுப்பிய அளவுகளைக் கடலுக்கு அப்பால் சக ஆராய்ச்சியாளர் ஹன்னாவின் கணினி படித்து, என்றைக்குத் தண்ணீர் பாய்ச்சலாம் என்று சூசைராஜின் போனுக்குச் சொல்லி வந்தது. இப்போது இரு நாட்டு அரசுகளுக்கும் மனஸ்தாபம். கூட்டு ஆராய்ச்சி நின்றுவிட்டது. இனி ஒரு தகவலும் நாடு தாண்டக் கூடாது என்று நேற்று மரியசெல்வி வேலைபார்க்கும் கல்லூரிக்குக் கடிதம் வந்திருக்கிறது. "போன வருசம் சுத்துப்பட்டுக் காடெல்லாம் கருகினப்ப என் காடு மட்டும் நின்னுச்சேம்மா. நாம என்ன தப்புப் பண்ணோம்?" என்கிறார் சூசைராஜ். அவள் வயரைச் சுருட்டுகிறாள். போன் அடிக்கிறது. திரையில் ஹன்னா, தூங்காத முகத்தோடு. விடைபெறத்தான் அழைத்திருக்கிறாள். இருவரும் பிள்ளைகளைப் பற்றி, உடம்பைப் பற்றி ஏதேதோ பேசுகிறார்கள். பிறகு பழக்கத்தில் ஹன்னா ஒன்று கேட்டுவிட, மரியசெல்வி சூசைராஜைத் திரும்பிப் பார்க்கிறாள்.

"என்ன கேக்குறாக?" என்கிறார் சூசைராஜ்.

"மழை பெஞ்சுச்சான்னு கேக்குறாங்கய்யா. அதக்கூட நான் சொல்லக் கூடாது."

சூசைராஜ் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளுகிறார். போனுக்கு முன்னால் நீட்டி விரல்களை விரிக்கிறார். மண் புழுதியாகப் பறந்து போகிறது. திரையில் ஹன்னா வாயைப் பொத்திக்கொள்கிறாள்.