கல்லில் ஒரு திட்டு

"செத்துப்போனவனைக் கல்லில் வெட்டித் திட்டறதுக்கு நான் சம்மதிக்கமாட்டேன்" என்றார் சபைப் பொறுப்பாளர் கென் ஆக்டன்.

தேவாலய அலுவலக மேஜைமேல் படிவம் கிடந்தது. கல்லறைக் கல்லில் என்ன பொறிக்க வேண்டும் என்று ஐவி ஸ்கோல்ஸ் தன் கையால் எழுதிக் கொடுத்தது. முதல் வரியில் அவள் கணவர் பெயர், நார்மன் ஸ்கோல்ஸ். அடுத்த வரியில் பிறந்த தேதி, இறந்த தேதி. மூன்றாவது வரியில் இரண்டே வார்த்தை: டாஃப்ட் ஏப்பத்.

போதகர் ஃபிலிப்பா இங்கிலாந்தின் தெற்கே சர்ரே பக்கம். வடக்கே இந்த ராச்டேலுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஊர்ப்பேச்சு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

"ரொம்ப மோசமான வார்த்தையா?"

"மோசம்னு இல்லை. அரைக்காசு பெறாத மக்குன்னு அர்த்தம். அந்தக் காலத்துல அரைப்பென்னிக்கு மிட்டாய் கேட்டா, கடைக்காரர் காகிதத்தைச் சுருட்டி நாலு போடுவார். அந்த நாலு மிட்டாய் அளவுக்குத்தான் உனக்கு மூளைன்னு சொல்ற மாதிரி. 'ஹாஃப்பென்னி வொர்த்'துன்னு வேகமாச் சொல்லிச் சொல்லி 'ஏப்பத்' ஆயிடுச்சு. காசு செல்லாமப் போயிடுச்சு, திட்டு மட்டும் இன்னும் செல்லுது."

ஃபிலிப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. கென்னின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"அப்போ கொஞ்சலாச் சொல்றதுதானே?"

"டீ குடிக்கும்போது சொன்னா கொஞ்சல். வாயால சொன்னது காத்தோட போயிடும். கல்லுல வெட்டினா நூறு வருஷம் நிக்கும். நான் அவங்களுக்கு அடுத்த வீடு, போதகரம்மா. அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் சத்தம் கேக்காத நாளே கிடையாது. இத்தனை வருஷம் மனசுல வெச்சிருந்ததை, அவன் வாய் மூடின பிறகு தீத்துக்கப் பாக்கறா."

ஐவி உள்ளே வந்தாள். எழுபது வயது தாண்டியவள். குடையை மூலையில் சாத்திவிட்டு, கோட்டைக் கழற்றாமலே நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமை கல் வெட்டறவர் வர்றார். கையெழுத்து ஆயிடுச்சா?"

"அந்தக் கடைசி வரிதான், ஸ்கோல்ஸ் அம்மா..." ஃபிலிப்பா இழுத்தார்.

"எழுத்துப் பிழையா? அகராதியைப் பார்த்துத்தானே எழுதினேன்."

"பிழை இல்லை. ஆனா, அது ஒரு திட்டு இல்லையா?"

"ஆமா, திட்டுதான்."

"நாளைக்கு இந்த வழியாப் போறவங்க யாராவது படிச்சா?"

"சிரிப்பாங்க. சிரிக்கட்டுமே. இங்க மத்த கல்லெல்லாம் அழத்தானே வைக்குது."

கென்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றார்.

"ஐவி, நார்மனோட முப்பது வருஷம் புல்தரையில பவுல்ஸ் பந்து உருட்டி ஆடினவன் நான். இந்தக் கோபுரத்துக் கடிகாரம் எத்தனை தடவை நின்னிருக்கு? ஒவ்வொரு தடவையும் ஏணி ஏறிச் சரி பண்ணினது யாரு? அவன் மக்கு இல்லை. வீட்டுல சத்தம் போட்டிருப்பான், உன்னை நோகடிச்சிருப்பான், எனக்கும் காது இருக்கு. ஆனா திருப்பிப் பேச முடியாதவனை இப்படிப் பழிவாங்கறது நல்லா இல்லை. இதுல கையெழுத்து விழுந்தா, இன்னையோட நான் சபைப் பொறுப்புலேருந்து விலகிடறேன்."

ஐவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் அவளுக்கு எதுவுமே புரியவில்லை என்று தெரிந்தது. பிறகு படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, இன்னொரு முறை படித்துப் பார்த்தாள்.

"இதை நார்மனுக்குன்னு நினைச்சியா, கென்?"

"பின்னே?"

"அவர் பேர், தேதி, அதோட அவர் வரி முடிஞ்சுது. இது என்னோடது." மூன்றாவது வரிமேல் விரலை வைத்தாள். "பக்கத்துலதானே எனக்கும் குழி. எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. நான் போனதுக்கப்புறம் கல்லுல வெட்டுன்னு சொல்ல யார் இருக்காங்க? அதான் இப்பவே சேர்த்து வெட்டிடலாம்னு."

கென் மெல்ல உட்கார்ந்தார். கையிலிருந்த தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்ட சத்தம்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"என்னைக் கூப்பிட்ட சத்தம்தான். அவருக்குக் காது மந்தம். மெதுவாக் கூப்பிட வராது."

ஃபிலிப்பா பேனாவைத் திறந்தார்.

"அடுத்தவங்களைத் திட்டி எழுதக் கூடாதுன்னு விதி இருக்கு. தன்னைத்தானே திட்டிக்கக் கூடாதுன்னு எங்கேயும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். படிவத்தை ஐவியிடம் நீட்டியபோது மட்டும் ஒரு வார்த்தை கேட்டார்:

"இருந்தாலும், ஐவின்னு எவ்வளவு அழகான பேர். அதையே போட்டிருக்கலாமே?"

ஐவி படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்துல அந்த மனுஷன் ஒரு தடவைகூட என்னை ஐவின்னு கூப்பிட்டதில்லை, போதகரம்மா. அந்தப் பேரைப் போட்டா, பக்கத்துல வந்து படுத்திருக்கிறது யாரோ எவளோன்னு தள்ளிப் படுத்துக்குவார்."